வரவேற்புச் சேலை

மார்கழி பத்தாம் தேதி, கிறிஸ்துமஸ் காலை, ஏழு மணி பத்து நிமிடம். அதிகாலை ஆராதனை முடிந்து சபையார் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டிருந்த நேரம். ஆறு வருடங்களுக்கு முன்பு. இவ்வளவு திட்டமாக எப்படிச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்களா, ஐயரம்மா? ஆலயத்தின் மேற்கு வராந்தாவில் ஒரு கடிகாரம் இருக்கிறதல்லவா, நாங்கள் ஆசிரியைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது, அதன் கீழேதான் மேசை போட்டிருந்தோம். அன்று எடுத்த புகைப்படத்தில் எங்கள் தலைக்கு மேலே கடிகாரமும் விழுந்திருக்கிறது. ஏழு பத்து. படம் பொய் சொல்லாது. படத்தில் நிற்பவர்கள் சொல்லலாம்.

அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். இதில் உட்காருங்கள். தேநீர் ஆறுவதற்குள் குடியுங்கள்.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். உங்கள் கையிலிருக்கும் பழைய பத்திரிகையை வாசலிலேயே பார்த்துவிட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் நான் பேச வேண்டும். அதிலும், ஆறு வருடத்துக்கு முன்பு நான் பேசிய அதே பேச்சு, 'அந்நியரை வரவேற்றல்', அதை மறுபடியும் பேச வேண்டும். அப்படித்தானே? நல்ல பேச்சுதான். நாற்பது நிமிடம். ஒரு வாக்கியம்கூடத் தடுமாறவில்லை. பேசி முடித்தபோது டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைப் பத்திரிகையில் அச்சிட்டபோது இரண்டு எழுத்துப் பிழை விட்டுவிட்டார்கள். அதற்கு நான் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன்.

பேச மாட்டேன். காரணத்தைச் சொல்லாமல் உங்களை அனுப்பினால் அது மரியாதையாகாது. உங்கள் வீட்டுக்காரர் நம் சபைக்கு ஐயராக மாற்றலாகி, நீங்கள் குருமனைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. 'ஹெப்சி டீச்சர் ஏன் சபைச் செயலாளர் பொறுப்பை விட்டார், ஏன் கடைசி பெஞ்சில் உட்காருகிறார்' என்று நீங்கள் நாலு பேரிடம் கேட்டிருப்பீர்கள். முழங்கால் வலி என்று சொல்லியிருப்பார்கள். அதைப் பரப்பியவளே நான்தான். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நம் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்தவுடன் ஏழைகளுக்கு வஸ்திரம் கொடுப்போம். பெண்களுக்குச் சேலை, ஆண்களுக்கு வேட்டி. ஐயர் ஒரு முனையைப் பிடிப்பார், வாங்குகிறவர் மறுமுனையைப் பிடிப்பார், செயலாளர் பக்கத்தில் நிற்பார், படம் எடுப்பார்கள். பதினொரு வருடமாக அந்தப் பக்கத்தில் நின்றவள் நான். சேலைகளை நானே போய்த் தேர்ந்தெடுப்பேன். மட்டமான சேலை வாங்கவே மாட்டேன். ஏழைக்குக் கொடுப்பதென்றால் சாயம் போகிறதை எடுக்கிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. அந்த வருடம் வெளிர் நீலம், பச்சைக் கரை. பேர் எழுதி, வரிசை எண் போட்டு, முதல் நாளே அட்டவணை தயார். இருபத்திரண்டு பேர். உபரியாக நான்கு சேலை.

இருபத்திரண்டு பேருக்கும் கொடுத்தாயிற்று. அப்போதுதான் அவள் வந்தாள்.

இருபத்தைந்து வயது இருக்கும். கறுத்த, சிறிய உருவம். வடக்கத்திப் பெண் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நம் ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் வேலை செய்ய அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்திருந்தார்கள். ஆராதனையின்போதே அவளைக் கவனித்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கடைசி பெஞ்சுக்கும் பின்னால் தரையில், முக்காடு போட்டுக்கொண்டு முழந்தாளில் நின்றாள். நாம் பாட்டுப் பாடும்போது அவள் உதடும் அசைந்தது. கூட்டம் பாடுகிறது, இவளும் வாயை அசைக்கிறாள் என்று நினைத்தேன். முக்காடு போட்டிருப்பது பனிக்காக என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது, ஐயரம்மா. படித்தவளிடம் காரணத்துக்குப் பஞ்சம் வராது.

மேசைக்கு முன்னால் வந்து கைகுவித்து, "யீசு சஹாய்" என்றாள்.

ஆம், இயேசுவின் நாமம் என் காதில் விழத்தான் செய்தது. ஆனால் பேருந்து நிலையத்தில் என் கழுத்துச் சங்கிலியில் சிலுவையைப் பார்த்துவிட்டு, "இயேசுசாமி உங்களுக்கு நல்லது செய்வார் தாயி, ஒரு ரெண்டு ரூபா" என்று கேட்கிறவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில் இவளையும் சேர்த்தேன்.

பிறகு அவள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்ட தாள். அதே பேருந்து நிலையத்தில்தான், உங்களுக்கும் தெரியும், மடியில் ஓர் அட்டையைப் போட்டுவிட்டுப் போவார்கள். 'வாய் பேச முடியாது, உதவி செய்யவும்' என்று அச்சடித்திருக்கும். பேருந்து கிளம்புமுன் வந்து வாங்கிக்கொள்வார்கள். இது அதுவேதான் என்று நிச்சயமாக நினைத்தேன். மேலே பார்த்தேன், இந்தி எழுத்து. எனக்கு இந்தி தெரியாது. தெரியாது என்று சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமைகூட உண்டு. கீழே ஏதோ முத்திரை. அதைக் கூர்ந்து பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடி கைப்பையில் இருந்தது, கைப்பை பெஞ்சில் இருந்தது.

திருப்பிப் பார்த்தேனா என்று கேளுங்கள்.

பார்க்கவில்லை. முப்பத்தாறு வருடம் வகுப்பில் நின்று, "பிள்ளைகளே, தாளைத் திருப்புங்கள், பின்பக்கமும் கேள்வி இருக்கும்" என்று சொன்னவள் நான். பின்பக்கக் கேள்வியை விட்டுவிட்ட பிள்ளைகளுக்கு நான் இரக்கம் காட்டியதே இல்லை.

அவள் என்னிடம் நிறையப் பேசினாள். வேகமாக. ஒரு வார்த்தை புரியவில்லை. பேசிக்கொண்டே கிழக்கே, நெடுஞ்சாலைப் பக்கம் கையைக் காட்டினாள். தன் காலைத் தொட்டுக் காட்டினாள். ஐயரைக் காட்டினாள். மறுபடியும் நெடுஞ்சாலைப் பக்கம் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். "சரிம்மா, சரி, சரி" என்றேன். பெற்றோர் கூட்டத்தில் அதிகம் பேசுகிற தகப்பன்மாரிடம் ஆட்டுவேனே, அந்தத் தலையாட்டல். கேட்டேன் என்று அதற்குப் பொருள் கிடையாது. முடித்துக்கொள் என்று பொருள்.

அப்போது ஐயருக்குத் துணையாக இருந்த மாசிலாமணி உபதேசியார் பக்கத்தில் நின்றார். "டீச்சரம்மா, இது என்னமோ விசேஷமா கேக்குற மாதிரில்ல இருக்கு? ஐயர்ட்ட ஒரு வார்த்த சொல்லுவமா?" என்றார்.

"எல்லோரும் விசேஷமாகத்தான் கேட்பார்கள், உபதேசியாரே. ஐயருக்கு இன்னும் இரண்டு ஊரில் ஆராதனை இருக்கிறது. உபரிச் சேலையில் ஒன்றை எடுங்கள்" என்றேன்.

படம் எடுக்க வேண்டுமென்றால் அவளுடைய இரண்டு கையும் வேண்டுமே. அதனால் அந்தத் தாளை அவள் கையிலிருந்து நானே வாங்கி, மிச்சச் சேலைகளின் அடியில் வைத்தேன். ஐயர் அவசரமாக வந்து முனையைப் பிடித்தார். அவள் சேலையின் மறுமுனையைப் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தைப் படத்தில் பார்க்க வேண்டும் நீங்கள். சேலை வாங்கிய இருபத்திரண்டு பேரும் கேமராவைப் பார்க்கக் கூசிக்கொண்டு தரையைப் பார்க்கிறார்கள். இவள் மட்டும் நேராகப் பார்க்கிறாள். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். பிறகு ஐயர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். என் கையையும் பிடித்து ஒற்றினாள். அவள் போனதும் என் அட்டவணையில், இருபத்துமூன்று என்று எண் போட்டு, 'வடக்கத்திப் பெண், ஒன்று' என்று எழுதினேன். பெயர் கேட்கவில்லை.

எனக்கு மனநிறைவாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பத்து நாளைக்கு முன் அந்நியரை வரவேற்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினோம். கர்த்தர் உடனே ஓர் அந்நியப் பெண்ணை அனுப்பினார். நாம் தவறவில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து பிரியாணி கிண்டினேன். நன்றாக வந்திருந்தது.

பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். தேநீரில் நனைக்க வேண்டாம், உடைந்து விழுந்துவிடும்.

மிச்சச் சேலைகளை ஆலயத்தின் வெஸ்ட்ரி அறை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். முப்பதாம் தேதி காலை, வருடக் கடைசி ஆராதனைக்காக அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து அடுக்கும்போது அந்த உறை வழுக்கிக் கீழே விழுந்தது. கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கம் மேலே. அப்போது கண்ணாடி போட்டிருந்தேன்.

தமிழ், ஐயரம்மா. பின்பக்கம் முழுவதும் தமிழ். நீல மையில் நாலு வரி. எழுத்தைப் பார்த்தவுடனே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. இடது பக்கம் சாய்த்து எழுதும் அந்தக் கெட்ட பழக்கத்தை மூன்று வருடம் திருத்த முயன்று தோற்றவள் நான். ரெஜினா. என்னிடம் படித்தவள். டெல்லியில் ஆறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வந்து, இங்கே அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். என்ன எழுதியிருந்தாள் என்றால்:

'ஐயர் அவர்களுக்கு அல்லது ஹெப்சி டீச்சருக்கு. இவர்கள் ஜார்க்கண்டில் நம்மைப் போன்ற சபையைச் சேர்ந்தவர்கள். பின்னால் இருப்பது அவர்கள் ஊர் ஐயர் கொடுத்த சபைக் கடிதம். புருஷனுக்குச் சூளையில் டிராக்டர் ஏறிப் பாதம் நசுங்கிவிட்டது, ஏழாம் வார்டு, பதினான்காம் கட்டில். பாதத்தை உடனே எடுக்க வேண்டும். ஐயர் வந்து ஜெபித்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். இன்றைக்கே வரவும்.'

தேதி, டிசம்பர் இருபத்துநான்கு.

சபைக் கடிதம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓர் ஊர்ச் சபையார் இன்னோர் ஊருக்குக் குடிபோகும்போது, 'இவர்கள் எங்களவர்கள், நீங்கள் உங்களவர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அந்த ஊர் ஐயர் எழுதிக் கொடுப்பது. அந்தக் கடிதம் இல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது என்று கமிட்டியில் சண்டை போட்டு விதி கொண்டுவந்தவளே நான். ஒரு பாங்க் மேனேஜரைக் கடிதமில்லை என்று எட்டு மாதம் நிறுத்தி வைத்தேன். கடிதத்தோடு வந்தவளுக்குச் சேலை கொடுத்து அனுப்பினேன்.

ஜார்க்கண்ட். ஐக்கிய சங்க அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறதே, பார்த்திருப்பீர்கள். மிஷனெரிகள் இருக்கிற இடத்திலெல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருக்கும். அதைக் குத்தியவளும் நான்தான். ஜார்க்கண்டில் மட்டும் ஐந்து ஊசி. இருபது வருடம் வீடு வீடாகப் போய் மிஷனெரி காணிக்கை வாங்கி அங்கே அனுப்பினேன். உங்கள் தகப்பனார்கூட அந்தப் பக்கத்தில்தான் ஊழியம் செய்தார் என்று சொன்னார்கள். அங்கிருந்து ஒருத்தி நடந்து என் மேசைக்கு வந்தபோது, அவள் பிச்சைக்காரி.

உடனே ஆட்டோ பிடித்து, அவள் கைகாட்டிய அதே நெடுஞ்சாலையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐயரிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். கைபேசியில் சொன்னேன். 'வடநாட்டுக் குடும்பம் ஒன்று ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம், கடிதம் இப்போதுதான் கிடைத்தது' என்றேன். கிடைத்தது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பொய்யென்று யாரும் சொல்ல முடியாதபடி பொறுக்கி எடுத்த சொல்.

ஏழாம் வார்டு வாசலிலேயே ரெஜினா நின்றாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"வந்துட்டீங்களா டீச்சர்? நாலு நாளா அந்த மனுஷன் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. 'கோயில்ல பதிஞ்சாச்சு, ஐயர் வருவாரு, வந்து ஜெபிச்சதும் எடுங்க'ன்னு ஒரே புடி. நானே ஒரு எட்டு வந்திருப்பேன், எனக்கும் காச்சல், நேத்துதான் டியூட்டிக்கு வந்தேன். வந்து பாத்தா..."

"பார்த்தால் என்ன?"

"இருபத்தெட்டாம் தேதி ராத்திரி காய்ச்சல் ஏறிருச்சு. வெஷம் மேல போயிருச்சு டீச்சர். நேத்துக் காலைல முழங்காலுக்கு மேல எடுத்துட்டாங்க." தன் தொடையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "இருபத்தஞ்சாம் தேதியே எடுத்திருந்தா கணுக்காலோட போயிருக்கும்."

உள்ளே போனேன். பதினான்காம் கட்டில். நெல்சன் ஹோரோ என்று பெயர். உறைக்குள் இருந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்ததாம். அவள் பெயர் சலோமி. இரண்டும் நம் வீட்டுப் பெயர்கள். கேட்டிருந்தால் ஒரே சொல்லில் தெரிந்திருக்கும்.

சலோமி எழுந்து வந்து, "யீசு சஹாய்" என்றாள். 'இயேசு துணை' என்று அவர்கள் ஊர்ச் சபையார் சொல்லும் வணக்கம் அது என்று ரெஜினா சொன்னாள். அந்த வெளிர் நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு எங்கோ போனாள். குளியலறைச் செம்பில் தண்ணீரோடு வந்தாள். என் முன்னால் குனிந்து உட்கார்ந்து, என் செருப்பைக் கழற்றி, என் காலைக் கழுவத் தொடங்கினாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். அவள் மறுபடியும் பிடித்தாள்.

"விடுங்க டீச்சர், கழுவட்டும்" என்றாள் ரெஜினா. "அவங்க ஊர்ல விருந்தாளி வந்தா முதல்ல கால கழுவுவாங்களாம். வார்டு பூரா தண்ணி, சூப்பர்வைசர் என்னையத்தான் ஏசப்போறா. பரவால்ல."

கட்டிலில் போர்வைக்கு அடியில் ஒரு கால்தான் மேடிட்டிருந்தது. அவளோ என் இரண்டு காலையும் கழுவித் தன் முந்தானையால் துடைத்தாள். நான் வாங்கிய சேலையின் முந்தானையால். நல்ல சேலை, தண்ணீரை நன்றாக உறிஞ்சியது. அப்படியொரு எண்ணம் அந்த நேரத்திலும் எனக்கு வந்தது. மனித மனம் இப்படித்தான் இருக்கிறது.

பிறகு அவள் பேசினாள். ரெஜினா தமிழில் சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு நீங்க அவளை அவ்வளவு நல்லா சேத்துக்கிட்டீங்களாம். கடுதாசிய நீங்களே கையில வாங்கி வச்சீங்களாம். வெவரம் பூரா பொறுமையாக் கேட்டு, சரி சரின்னு சொன்னீங்களாம். ஐயரோட நிக்க வச்சு, புதுசா சேர்றவங்களுக்குக் குடுக்குற சேலையும் குடுத்து, போட்டோவும் எடுத்தீங்களாம். எங்க ஊர்ல கால் கழுவுவோம், இங்க சேலை குடுத்துச் சேத்துக்குவாங்க போலன்னு வந்து இவர்ட்ட சொல்லிச் சந்தோஷப்பட்டாளாம்."

ரெஜினா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு நம் சபை வழக்கம் தெரியும். அந்த மேசை யாருக்காகப் போடுவது என்று தெரியும். மெதுவாக, இந்தியில் அல்ல, தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்: "நீங்க வாசிக்கலையா, டீச்சர்?"

அழாதீர்கள், ஐயரம்மா. நான் இன்னும் முடிக்கவில்லை. இதுவரை சொன்னது என் கவனக்குறைவு. பாவத்துக்கு இனிமேல்தான் வருகிறேன்.

கட்டிலில் இருந்தவன் ஏதோ கேட்டான். மெல்லிய குரல். ரெஜினா சொன்னாள்: "ஐயர் ஏன் வரலன்னு கேக்காரு. கோவமா இல்ல. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்காரு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரே வாக்கியம். 'உங்கள் கடிதத்தை நான் வாசிக்கவில்லை.' எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் சரியாக இருக்கிற சின்ன வாக்கியம். நான் சொன்னது என்ன தெரியுமா?

"ஐயர் ஊரில் இல்லை. கிறிஸ்துமஸ் நேரம், பல ஊர் போக வேண்டியிருந்தது. இன்று மாலை வருவார்."

ரெஜினா உடனே அதை இந்தியில் சொல்லவில்லை. ஊசி மருந்துத் தட்டை எடுத்து, அதில் இருந்த பஞ்சை ஒழுங்குபடுத்தினாள். நான் காத்திருந்தேன். என்னைக் காட்டிக்கொடுத்துவிடு என்று ஒரு மனமும், காட்டிக்கொடுத்துவிடாதே என்று ஒரு மனமும் இருந்தன. கடைசியில் சொன்னாள். நான் சொன்னபடியே சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அதைக் கேட்டு அந்த மனிதன் சிரித்தான். அவனுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், அவனே என்னிடம் நேராகச் சொன்னான்: "பரவாயில்ல அம்மா. எங்க ஊர் ஐயருக்குப் பதினோரு ஊர். அவரும் கிறிஸ்துமஸ்க்கு வர மாட்டார். ஐயர் பாவம்."

ஐயர் பாவம். என்னை மன்னித்துக்கூட விடவில்லை. மன்னிக்க ஏதும் இருப்பதாகவே அவனுக்குத் தெரியவில்லை.

மாலையில் ஐயர் போனார். ஜெபித்து, நற்கருணை கொடுத்தார். மறுநாள் வருடக் கடைசி ஆராதனையில், சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று இரண்டு பெயரை வாசித்தார். என் கையால்தான் பதிவேட்டில் எழுதினேன். சேர்ந்த தேதி என்று ஒரு கட்டம் உண்டு. ஐயர் 'டிசம்பர் முப்பத்தொன்று போடுங்கள்' என்றார். நான் இருபத்தைந்து என்று போட்டேன். அதில் என் கை பொய் சொன்னதா, உண்மை சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரிக் கடைசியில் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ரயிலடிக்கு நானும் போனேன். சலோமி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். ரெஜினா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறவள். அந்த வருடத்தோடு அட்டை நின்றது. அந்த ஐயர் மாற்றலாகிப் போனார். அவரிடமும் நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் கமிட்டியில், வஸ்திரம் கொடுக்கும் வழக்கத்தில் படம் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்றேன். "டீச்சரம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு" என்று தீர்மானத்தில் எழுதிவைத்தார்கள். போய்ப் பாருங்கள், இருக்கிறது. அன்றைக்கே செயலாளர் பொறுப்பை விட்டேன். முழங்கால் வலி என்றேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் தண்டனை போல இருக்கும் என்று நினைத்தேன். சொகுசாகத்தான் இருக்கிறது. மின்விசிறி நேர் மேலே. 'எவ்வளவு தாழ்மை' என்று வேறு பேசிக்கொள்கிறார்கள். இந்தச் சபையில் என்னைத் தண்டிக்க ஆள் இல்லை, ஐயரம்மா, அதுதான் என் கஷ்டம். எதைச் செய்தாலும் புண்ணியமாகப் போய்விடுகிறது.

அவர்களுக்கு ஏன் எழுதிச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இதுதான் என் பதில். ஆறு வருடமாக இந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. ரெஜினாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கத் துணிவில்லை.

ஆகவே, நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டு வந்தீர்கள், நான் மாட்டேன் என்றேன். இப்போது நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பிறந்து வளர்ந்தது அங்கே. உங்களுக்கு இந்தி பேசவும் வரும், எழுதவும் வரும். அந்த மேசையில் தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன். பத்திரிகையோடு உங்களை வாசலில் பார்த்தபோது எடுத்து வைத்ததல்ல. நீங்கள் குருமனைக்கு வந்த வாரமே எடுத்து வைத்தது. ஆறு மாதமாக அங்கேயே இருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அழகுபடுத்த வேண்டாம். 'எங்களை அறியாமல்', 'நேர்ந்துவிட்டது', 'கிடைத்தது' என்ற சொற்கள் இந்தியில் இருந்தால் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. முதல் வரி இப்படி இருக்கட்டும். 'சலோமி, உன் கடிதத்தை நான் வாங்கி வைத்தேன், வாசிக்கவில்லை.' இரண்டாவது வரி, 'அது சேர்த்துக்கொள்ளும் சேலை அல்ல, பிச்சைக்காரர்களுக்குக் கொடுக்கும் சேலை.' எழுதுங்கள். கை ஏன் நிற்கிறது? அவள் மனம் புண்படும் என்றா? படும். ஆறு வருடம் அதைச் சொல்லித்தான் நானும் எழுதாமல் இருந்தேன். மூன்றாவது வரி, 'ஐயர் ஊரில்தான் இருந்தார்.' அவ்வளவுதான் விஷயம். மன்னிப்புக் கேட்கும் வரியைக் கடைசியில் நானே சொல்கிறேன், அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

விலாசம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அந்த மணியார்டர் சீட்டில் இருக்கிறது.

அதையும் சொல்லிவிட வேண்டும். நெல்சனுக்குச் செயற்கைக் கால் வைத்த செலவில் பாதியைச் சூளைக்காரர் பிப்ரவரியில் கொடுத்தார். மறுபாதியை ரெஜினாவும் ஏழாம் வார்டு நர்ஸுகளும் போட்டார்கள். நான் கொடுக்கப் போனபோது, "முடிஞ்சிருச்சு டீச்சர், வேண்டாம்" என்று ரெஜினா சொல்லிவிட்டாள். அதற்குப் பின் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் முதல் வாரத்தில் என் பெயருக்கு மணியார்டர் வருகிறது, நான் இன்னும் செயலாளர் என்று அவர்களுக்கு எண்ணம். நெல்சன் ஹோரோ குடும்பத்தின் சபைச் சங்கம், நம் சபையார் கட்டுகிற சந்தாதான், வருடம் முழுவதற்கும், இருநூற்று நாற்பது ரூபாய். இந்த வருடத்தது நான்காம் தேதி வந்தது; உறையில் இருக்கிறது, நீங்கள் எடுத்துப்போய் ரசீது போட்டுவிடுங்கள். இந்த வருடச் சங்கத்தை நம் ஊரில் இன்னும் பாதிப் பேர் கட்டவில்லை. நானும் கட்டவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் கட்டுகிறேன்.